இதர செலவு

வேலையிடத்தில் விழுந்து செத்திருந்தால் கதை வேறு.
சேவுகன் தூக்கத்தில் செத்தான்.
கிராஞ்சி விடுதி, நான்காம் மாடி,
பன்னிரண்டு கட்டில் போட்ட அறை.
காலை நாலரைக்கு லாரி ஹாரன் அடித்தது.
பல்பொடியும் டிபன் பாக்ஸுமாகப் பதினோரு பேர் எழுந்தோம்.
நெஞ்சு தானாக நின்றதற்குக் கம்பெனி பொறுப்பில்லையாம்,
தாளில் எழுதிக் கொடுத்தார்கள், மரியாதையாக.

மனைவி இரண்டாவது பிரசவத்திலேயே போய்விட்டாள்.
பிள்ளைகள் இரண்டும் மாமனார் ஆண்டியப்பனிடம்.
சிங்கம்புணரிக்குத் தெற்கே ஏதோ ஊர்.
எங்களில் யாரும் பார்த்ததில்லை.
எங்களுக்கு அந்த ஊர்
பணம் அனுப்பும் சீட்டில் ஆறு இலக்கம்.

சம்பள நாளில் மைலோ டின் சுற்றி வரும்.
ஆளுக்கு ஐந்து வெள்ளி.
கணக்கு நோட்டு என்னிடம்;
படித்தவன் என்பதால் அல்ல, குடிக்காதவன் என்பதால்.
குழந்தைவேலு மட்டும் மூன்று போடுவான்,
மிச்சம் அடுத்த மாதம் என்பான்.
அந்த அடுத்த மாதம் பதினான்கு மாதமாக
வந்துகொண்டே இருக்கிறது.
அவன் பெயருக்கு நேரே ஐந்து என்றுதான் எழுதுகிறேன்.
அந்த இரண்டு வெள்ளி யாருடையது என்று
நோட்டுக்குத் தெரியாது.

காலிக் கட்டிலுக்கு ரூபெல் வந்தான், பங்களாதேஷ்காரன்.
வந்த மாதமே டின்னில் ஐந்து போட்டான்.
உனக்கெதுக்குடா, அவனை உனக்குத் தெரியாதே என்றோம்.
சைட்டில் பழகிய தமிழில் சொன்னான்:
"அண்ணா, கட்டில் அவர்து. நான் படுக்குது. வாடகை."
யாரும் சிரிக்கவில்லை.
அந்த மாதம் குழந்தைவேலு நான்கு போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் வரிசை நின்று அனுப்புவேன்.
கிழவரின் கணக்குக்கு அனுப்ப முடியாது.
கல்லுடைத்துத் தேய்ந்த கட்டைவிரல்
வங்கி மெஷினில் விழவே மாட்டேன் என்கிறது.
டீக்கடைக்காரர் கணக்குக்குப் போய்
அங்கிருந்து கை மாறும்.

இரண்டு நாளில் டீக்கடை போனில் ஒரு குரல் வரும்.
ரோஷிணி, ஐந்தாம் வகுப்பு.
நன்றி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.
எடுத்ததும் கணக்குத்தான்:
"மூவாயிரத்து எண்ணூத்தி எழுபது வந்துச்சு.
மளிகை பாக்கி ஆயிரத்து நூறு.
தம்பிக்கு செருப்பு நூத்தி முப்பது, ஒரு சைஸ் பெருசா.
தாத்தா கண்ணுக்கு சொட்டு மருந்து தொண்ணூறு.
பீடி நாப்பது. நான் வேணாம்னுதான் சொன்னேன்.
எழுதிக்கோங்க."

ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு.
வெயிலில் கம்பி கட்டுறது பீடிக்கா என்று
மேல்கட்டில் தட்சிணா குதித்து இறங்கினான்.
அறுபது வயசுக்கு மேல
ரெண்டு பிள்ளைக்குச் சோறு வடிக்கிற மனுஷன்,
நாப்பது ரூபாய்க்கா பஞ்சாயத்து என்றான் ஒருவன்.
சத்தம் கேட்டுப் பக்கத்து அறை எட்டிப் பார்த்தது.

குழந்தைவேலு அதுவரை
காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தான்.
"காசு கெடக்கட்டும்டா," என்றான்.
"அந்தாளு நெஞ்சும் நின்னா,
அந்தப் புள்ளைங்களுக்கு யாரு?"

மின்விசிறி மட்டும் சுற்றியது.
ரூபெல் எதைப் புரிந்துகொண்டானோ,
உட்கார்ந்திருந்த மெத்தையிலிருந்து
எழுந்து நின்றான்.

நான் பேனாவை எடுத்தேன்.
பீடி என்று எழுதக் கை வரவில்லை,
எழுதாமல் விடவும் வரவில்லை.
இதர செலவு – 40.
படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன்.

விடியற்காலை, லாரியின் பின்புறம்,
புக்கிட் தீமா சாலையில் மழை தூறல்.
தார்ப்பாய்க்குள் தலையைக் குனிந்து கேட்டேன்,
ஏழு நொடிக் குரல்:

"மாமா, நோட்டைப் பாத்தேன்.
கூட்டல் சரியா இருக்கு.
இதரன்னா என்ன?"